மூக்குக்கு இனிப்பு, நாக்குக்குப் புளிப்பு

கேள்வி: ஜெர்மன் வெள்ளை ஒயின் என்றாலே தித்திப்புதானே? அதைச் சாப்பாட்டோடு எப்படிக் குடிப்பது?

பதில்: பாட்டிலைத் திறக்குமுன் லேபிளைப் பாருங்கள். ‘ட்ரோக்கன்’ என்று போட்டிருந்தால் அதில் சர்க்கரை லிட்டருக்கு 9 கிராமைத் தாண்டாது. பெரும்பாலும் அதைவிடக் குறைவுதான். மிச்சத்தையெல்லாம் ஈஸ்ட் ஆல்கஹாலாக மாற்றியிருக்கும்.

இந்த வகையில் என் ஓட்டு ஷாய்ரேபேவுக்கு! ரைன்ஹெஸன் பகுதியில் உள்ள அல்சையில், 1916-ல் கியோர்க் ஷாய் ரீஸ்லிங்கைக் கலந்து உருவாக்கிய திராட்சை இது. 88-ஆம் எண் நாற்றாகப் பிறந்து, பிறகு அவர் பெயரையே சூடிக்கொண்டது. கிளாஸை மூக்கருகே கொண்டுபோனால் பம்ப்ளிமாஸும் பிளாக்கரண்டும் மணக்கும். மூக்கு ‘இனிப்பு’ என்று சத்தியம் செய்யும். முதல் மடக்கிலேயே நாக்கு அதை மறுத்து ‘புளிப்பு’ என்று சொல்லிவிடும்.

அந்தப் புளிப்புதான் சாப்பாட்டுக்குத் தோழன். வெண்ணெயில் வறுத்து எலுமிச்சை பிழிந்த ட்ரௌட் மீனோடு குடித்துப் பாருங்கள். வாயில் ஒட்டிய கொழுப்பை ஒரே மடக்கில் துடைத்துவிடும். ஆட்டுப்பால் சீஸுக்கும் இஞ்சி, எலுமிச்சைப்புல் மணக்கும் தாய்லாந்துச் சமையலுக்கும் அருமையான ஜோடி. மிளகாய் தூக்கலாக இருந்தால் மட்டும் சற்றே இனிப்பான ‘ஃபைன்ஹெர்ப்’ வகைக்கு மாறுங்கள். ஆல்கஹால் காரத்தை ஏற்றிவிடும், இனிப்பு அதை அடக்கும்.

8 முதல் 10 டிகிரி குளிர்ச்சி போதும். அதற்கு மேல் குளிரவைத்தால் மணம் போர்த்திக்கொண்டு தூங்கிவிடும்!