சைடு பேனல் சாத்திரம்: தென்பெண்ணைக்கு வடகரையில் கணினிப் பெட்டிக்கு வண்ணம் பூசும் மரபு

கணினிப் பெட்டிக்கு வண்ணம் பூசுவது தைவானில் தோன்றிய கலை என்று ஒரு கருத்து நிலவுகிறது. பெட்டிகள் அங்கிருந்தும் சீனத்திலிருந்தும் கப்பலேறி வருவதால் உண்டான மயக்கம் அது. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் கீழ்வாலை என்றோர் ஊர். அங்குள்ள பாறைகளில் பறவை முகம் கொண்ட மனிதர்களைச் செங்காவியால் வரைந்து வைத்திருக்கிறார்கள். செங்காவியின் சிவப்பு இரும்பு ஆக்சைடு தருவது. இன்று பெயிண்டுக் கடையில், "ரெட் ஆக்சைடு கால் லிட்டர் குடுங்கண்ணே" என்று கேட்டு வாங்கும் பிரைமரின் சிவப்பும் அதே இரும்பு ஆக்சைடு தருவதுதான். ஆகவே, இப்பகுதி மக்கள் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பிரைமர் அடித்து முடித்துவிட்டார்கள். மேல்பூச்சு பூசுவதற்குரிய பெட்டி 1981இல் ஐபிஎம் நிறுவனம் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்ட பிறகே கிடைத்ததால் வேலை சற்றுத் தாமதமாயிற்று என்பது இக்கட்டுரையின் துணிபு.

இடைக்காலத்துக்குச் சான்று தேடுவோர் முதலாம் மகேந்திரவர்மனிடம் போய் நிற்பது வழக்கம். சித்திரகாரப்புலி என்று பட்டம் பூண்டவன், செஞ்சி சாலையில் மண்டகப்பட்டுக் குடைவரையை எடுத்தவன், இதற்கு மேல் என்ன வேண்டும் என்பது அவர்கள் வாதம். அந்தக் குடைவரையின் கல்வெட்டைப் படித்தால் வாதம் படுத்துவிடும். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய நான்கும் இல்லாமல் எடுக்கப்பட்டது என்று அதிலேயே பெருமையாகச் சொல்லியிருக்கிறது. உலோகம் வேண்டாம் என்றவனிடம் சைடு பேனல் இருந்திருக்க வழியில்லை. சுண்ணாம்பும் வேண்டாம் என்பதால் பட்டி பார்த்திருக்கவும் மாட்டான். நமக்குரிய பல்லவன் நூறாண்டு கழித்து வருகிறான். பனமலைக் கோயிலை எடுத்த இராசசிம்மன் அவன். அங்கே சுவரில் மெல்லிய சுண்ணாம்புச் சாந்து பூசி, அதன்மேல் தீட்டிய தேவி குடைக்கீழ் ஒரு காலை மடித்து நிற்கிறாள். சாந்து பிடித்த இடத்தில் அவள் இன்னும் இருக்கிறாள். சாந்து உதிர்ந்த இடத்தில் யார் நின்றிருந்தார் என்று சொல்ல ஆளில்லை. பட்டியில் காசு மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்விட்டு வரலாம்.

இனி ஆய்வெல்லை. வடக்கே திண்டிவனம், தெற்கே விழுப்புரம், இடையில் நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவான நெடுஞ்சாலை. இந்த எல்லைக்குள் இரண்டு மரபுகளைக் காணலாம். சென்னை ரிச்சி தெருவுக்குப் பஸ் ஏறிப்போய் ராம் வாங்கும்போதே ஸ்பிரே டப்பாவும் வாங்கி வந்து மொட்டை மாடியில் அடிப்பது டப்பா மரபு; இதைத் திண்டிவனத்துக்கு ஒதுக்குவோம். பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு டூவீலர் பட்டறைக்குப் போய் கம்ப்ரசர் கன்னில் அடித்து வாங்குவது கன் மரபு; இது விழுப்புரத்துக்கு. திண்டிவனத்தில் பட்டறை இல்லையா, விழுப்புரத்தில் டப்பா விற்கவில்லையா என்று கேட்கலாம். இரண்டும் உண்டு. ஆய்வுக் கட்டுரை என்றால் இரண்டு மரபுகள் இருந்தாக வேண்டும் என்பதால் பிரித்திருக்கிறோம்.

பெட்டியின் ஆதி நிறம், மக்கள் வழக்கில் பிஸ்கட் கலர். 1977இல் வந்த ஆப்பிள் 2 தொட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உலகமெங்கும் மேசைக் கணினிகள் பெரும்பாலும் இந்த நிறத்திலேயே இருந்தன. 1998இல் ஆப்பிள் ஐமேக் நீலப்பச்சையில் வந்தபோதுதான் பெட்டிக்கும் நிறம் உண்டு என்பது மற்ற நிறுவனங்களுக்கு உறைத்தது. பிஸ்கட் கலர் நாளாக ஆகப் பழுத்து மஞ்சளாவதற்கு வீட்டுக்காரர் ஊதுபத்தியைக் குற்றம் சொல்வார். முன்பக்கப் பிளாஸ்டிக்கான ஏபிஎஸ்ஸில் தீப்பிடிக்காமலிருக்கச் சேர்த்த புரோமின் கலவையும் சன்னல் வழி வரும் புற ஊதாக் கதிரும் வெப்பமுமே அதற்கு முக்கியக் காரணங்கள். ஊதுபத்திக்கு வேறு பாவங்கள் உண்டு. இது அதன் கணக்கில் வராது.

வண்ணத் தேர்வுக்கு வருவோம். உரிமையாளர் வண்ணத்தைத் தேர்ந்தெடுக்கிறார் என்ற கொள்கை நூல்களில் மட்டும் உள்ளது. கன் மரபில் நடப்பதே வேறு.

"இன்னா கலரு அடிக்கணும் தம்பி?"

"கிரேண்ணா. கொஞ்சம் டார்க்கா."

"கிரே நாளைக்குத்தான் கலக்கணும். இப்ப கன்னுல சேப்பு இருக்குது, அடிச்சிக்கினு போறியா?"

இதுவே மிச்ச வண்ணக் கோட்பாடு. கணக்கும் அதற்குச் சாதகமாக இருக்கிறது. இரண்டு பக்கம், மேல்மூடி, முகப்பு எல்லாம் சேர்த்து ஒரு பெட்டியின் பரப்பு அரை சதுர மீட்டரைச் சற்றுத் தாண்டும். இரண்டு கோட்டிங்குக்கு, காற்றில் பறப்பதையும் சேர்த்து, கால் லிட்டர் போதும். கால் லிட்டருக்காகத் தனியே ஒரு நிறத்தைக் கலக்கிக் கன்னைக் கழுவ எந்தப் பட்டறைக்காரருக்கும் கை வராது. எனவே முந்தின வண்டி எதுவோ அதுவே பெட்டியின் நிறம். முந்தினது டிராக்டர் பானட்டாக இருந்துவிட்டால் பெட்டி மாசி பெர்குசன் சிவப்பில் வீடு வந்து சேரும். கரும்பு வெட்டும் காலத்தில் இதற்கு வாய்ப்பு அதிகம். பொங்கலை ஒட்டிப் போனால் மாட்டுக் கொம்புக்கு வாங்கிய எனாமல் வீட்டிலேயே மிஞ்சியிருக்கும், பட்டறைக்கே போகவேண்டியதில்லை. அதைப் பிரஷ்ஷால்தான் அடிக்க வேண்டும் என்பது ஒரு குறை. பிரஷ் கோடு கொம்பில் தெரியாது, பேனலில் தெரியும்.

டப்பா மரபினர் தாங்கள் சுதந்திரமானவர்கள் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு வேறு சிக்கல். கேமிங் உலகில் வெகுகாலம் கோலோச்சிய இணை கறுப்பும் சிவப்பும். தைபேயில் அது வேகத்தின் குறி. திண்டிவனத்தில் அதே பேனலை வாசல் திண்ணையில் காயவைத்தால், போவோர் வருவோர் எல்லாம் "எந்த வார்டு?" என்று கேட்பார்கள். நடுவில் ஒரு வெள்ளைப் பட்டை இழுத்தால் கட்சி மாறிவிடும். நீலம், மஞ்சள், சிவப்பு மூன்றும் கூடினால் தைலாபுரம் நினைவுக்கு வரும். மஞ்சளை மட்டும் விட்டுவிட்டால் கேள்வி கேட்பவர் மாறுவார். மெரூனும் மஞ்சளும் நீண்ட நாள் உரிமை கோரப்படாமல் கிடந்தன. 2024 அக்டோபர் 27இல் விக்கிரவாண்டி வி.சாலையில் நடந்த மாநாட்டோடு அதுவும் போயிற்று. எஞ்சியது பச்சையும் மஞ்சளும். அது ஜான் டியர் டிராக்டர். சுற்றிச் சுற்றி எல்லோரும் சாம்பல் நிறத்துக்கு வந்து சேர்வதற்கு அழகியல் காரணம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

பூசும் முறையில் முதலில் காலம். சித்திரை வைகாசி வெயிலில் கன்னிலிருந்து கிளம்பிய துளி பேனலைத் தொடுமுன்பே பாதி காய்ந்து, தடவினால் உப்புத்தாள் கைக்குத் தட்டுப்படும். ஆடியில் காற்று, திருவக்கரை, வானூர்ப் பக்கத்துக் கல்குவாரி லாரிகளின் புழுதியும் அதோடு வரும். ஐப்பசி கார்த்திகையில் ஈரம். பட்டறை வழக்கில் டூக்கோ எனப்படும் நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட், 1920களில் அமெரிக்க டுபாண்ட் நிறுவனம் கார்களுக்காகக் கொண்டுவந்தது. வாரக்கணக்கில் இழுத்த வேலையை நாள்கணக்குக்குக் குறைத்த புண்ணியம் அதற்கு உண்டு. அவ்வளவு வேகமாகத் தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து, கறுப்பு பேனல் வெள்ளையாகப் பூத்துவிடும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை. அன்று பேனல் காயவைத்தவர் யாரும் இருந்தால் அவர் இக்கலையின் தியாகி. எஞ்சியவை தையும் மாசியும், அதிலும் பனி இறங்குமுன். ஆக ஆண்டுக்கு இரண்டு மாதம், நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் கிடைக்கிறது. இதற்குள் மின்வெட்டு வந்தால் கம்ப்ரசர் நிற்கும்.

அடிக்குமுன் தரையில் தண்ணீர் தெளிப்பது இரு மரபுக்கும் பொது. புழுதி அடங்க இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. மாலை மழைக்குப் பின் விளக்கடியில் அடித்தால் ஈசல் வந்து ஒட்டும். ஒட்டிய ஈசலை உடனே எடுத்தால் குழி விழும். காய்ந்தபின் வாட்டர் பேப்பரால் தேய்த்து எடுப்பதே முறை. உயிர்க்கொலை குறித்த அறக்கேள்வியை இங்கே விட்டுவிடுகிறோம்.

இந்த இடத்தில் நமது துணிபுக்கே ஓர் இடி இறங்குகிறது. பெட்டியின் தகடு துத்தநாகம் ஏற்றிய உருக்கு. எண்ணெய் சார்ந்த ரெட் ஆக்சைடும் எனாமலும் நேராகத் துத்தநாகத்தின்மேல் விழுந்தால், காலப்போக்கில் வினைபுரிந்து சோப்புப்போல ஒரு படலம் உண்டாகி, பூச்சு தோலாக உரியும். கீழ்வாலைக்காரர்கள் கருங்கல்லைத் தேர்ந்தெடுத்தது எவ்வளவு தொலைநோக்கு என்பது இப்போது புரியும். ஆலையில் ஏற்கெனவே பவுடர் கோட்டிங் ஆன பேனல் என்றால் கவலையில்லை. அதை உரிக்காமல், 400 அல்லது 600 வாட்டர் பேப்பரால் பளபளப்பு மங்கும்வரை தேய்த்து, சோப்புத் தண்ணீரால் கழுவி, மேலேயே அடிக்கலாம். வெற்றுத் தகட்டுக்கு எட்ச் பிரைமர் அல்லது எபாக்ஸி பிரைமர். முன்பக்கப் பிளாஸ்டிக்கைத் தின்னர் துணியால் துடைக்கவே கூடாது. ஏபிஎஸ் கரைந்து முகம் கோணிவிடும். பிளாஸ்டிக் பிரைமரும், ஒன்றன்மேல் ஒன்றாகப் பனி படர்வதாக மூன்று மெல்லிய கோட்டிங்கும் போதும். கை ஒரு சாண் தூரத்தில் இருக்க வேண்டும். பேனலுக்கு வெளியே தொடங்கி வெளியே முடிக்க வேண்டும். நடுவில் நின்று யோசித்தால் வழியும்.

பூசக் கூடாத இடங்களும் உண்டு. மதர்போர்டு திருகுகள் உட்காரும் இடம், எஸ்எம்பிஎஸ் பெட்டி தகட்டைத் தொடும் இடம் ஆகியவற்றுக்கு டேப் ஒட்டி மறைக்க வேண்டும். அங்கே உலோகம் உலோகத்தைத் தொட்டால்தான் எர்த் தொடரும். "பெட்டியைத் தொட்டா ஜிவ்வுங்குது, பெயிண்ட் அடிச்சா நிக்குமா?" என்று கேட்டு வருவோர் இருக்கிறார்கள். எர்த் இல்லாத மூன்று முனைப் பிளக்கில் மாட்டினால், எஸ்எம்பிஎஸ் வடிகட்டியின் கெப்பாசிட்டர்கள் வழியாகத் தகட்டில் ஏறத்தாழ 115 வோல்ட், மிகச் சிறிய மின்னோட்டத்தோடு நிற்கும். பெயிண்ட் அந்த ஜிவ்வை மறைக்கும். கோளாறு அப்படியே இருக்கும். பெயிண்ட்டரை அனுப்பிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய கட்டம் இது.

முகப்பை மட்டும் அடித்தால் போதாதா என்பது நிதி சார்ந்த கேள்வி. 2022 ஆகஸ்டில் சென்னை மாநகரப் பேருந்துகளில் மகளிருக்கான இலவசப் பேருந்தை அடையாளம் காட்ட முன்னும் பின்னும் மட்டும் இளஞ்சிவப்பு அடித்தார்கள். ஊர் சிரித்தது. முறையியல் நோக்கில் அதில் பிழை காண்பதற்கில்லை. பஸ்ஸுக்காக நிற்பவர் பார்ப்பது முன்பக்கத்தை, தவறவிட்டவர் பார்ப்பது பின்பக்கத்தை. பெட்டியின் பின்பக்கத்தை ஒயர் பிடுங்கியவர் மட்டுமே பார்ப்பார். ஆகவே நமக்கு முன்பக்கம் மட்டும் போதும். கறுப்பு அடித்தால் சூடாகாதா என்று கேட்போருக்கும் ஒரு வரி: வெயில் படாத அறையில் கறுப்பு பெயிண்ட்டும் வெள்ளை பெயிண்ட்டும் ஏறத்தாழ ஒரே அளவு வெப்பத்தையே வெளியே கதிர்க்கும். அதையும் விட ஃபேன் தள்ளும் காற்றே பெரும்பகுதி வேலையைச் செய்கிறது.

கடைசிக் கோட்டிங் ஆயுத பூசை அன்று. இது பட்டறைக்காரர் கையிலும் இல்லை, உரிமையாளர் கையிலும் இல்லை. அம்மா முதலில் மூன்று விரலால் விபூதி இழுப்பார்; பிறகு சந்தனம், அதன் நடுவே குங்குமம். குங்குமம் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்து சிவந்தது. எனாமல் முழுதாக இறுகப் பல வாரங்கள் ஆகும் என்பதால், புரட்டாசியில் வெள்ளை அடித்த பேனலில் அது நிரந்தரமாக ஊறிவிடும். தையில் அடித்தவருக்கு ஈரத்துணி போதும். பொட்டு வைக்கப்படும் இடம் பெரும்பாலும் சைடு பேனலின் காற்றோட்டத் துளைகளுக்கு நேர் மேலே. ஃபேன் ஓடத் தொடங்கியதும் விபூதி உள்ளே போகிறது. அடுத்த நாள் பெட்டி ஆன் ஆகாதபோது ராமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்து மாட்டும் வழக்கம் மாவட்டம் முழுவதும் உள்ளது. அது தனி ஆய்வுக்குரியது.