சத்தம் போடாமல் ஓடும் ஆப்

கே: நான் எழுதும் ஆண்ட்ராய்டு ஆப் பின்னணியில் ஓயாமல் ஓட வேண்டும். அறிவிப்பு மட்டும் தெரியக்கூடாது. வழி உண்டா?
(கல்லூரி மாணவர், அல்மா, புக்கிட் மெர்தாஜாம்)

ப: யாருக்குத் தெரியக்கூடாது தம்பி, போன் வாங்கியவருக்கா? 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8 இந்த ஆசைக்குப் பூட்டுப் போட்டுவிட்டது. விடாமல் ஓட வேண்டுமானால் ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ்தான். அது தொடங்கிய 5 விநாடிக்குள் அறிவிப்பைக் கொடுக்காவிட்டால் சிஸ்டமே ஆப்பைக் கவிழ்த்துவிடும். ஆண்ட்ராய்டு 13-இல் அறிவிப்பு அனுமதியை மறுத்தால் மறையுமே என்பீர்கள். மறையும்தான். ஆனால் மேலிருந்து இழுத்தால், ஓடிக்கொண்டிருக்கும் ஆப்களின் பட்டியலில் உங்கள் ஆப் நிற்கும், பக்கத்திலேயே நிறுத்தும் பொத்தானோடு.

அவசரமில்லாத வேலை என்றால் ஒர்க்மேனேஜரிடம் கொடுங்கள். அறிவிப்பே வேண்டாம். திரும்பத் திரும்பச் செய்யும் வேலைக்கு இடைவெளி குறைந்தது 15 நிமிடம். போன் மேசைமேல் சும்மா கிடந்தால் இன்னும் தள்ளிப்போகும். சர்வரிலிருந்து ஏதாவது வந்தால்தான் வேலை என்றால் புஷ் அனுப்பி எழுப்பலாம். அவசரப் புஷ் என்று சொல்லி எழுப்பிவிட்டு ஒன்றும் காட்டாமலே இருந்தால், கூகுள் அடுத்தடுத்த அவசரங்களை நம்பாது.

கே: ஐபோனில் இந்தத் தொல்லை இல்லையே?
(நிரலாளர், ஜூரு)

ப: அங்கே கெடுபிடி அதிகம். 2020 மார்ச்சில் சிங்கப்பூர் அரசு கோவிட் தொடர்புகளைக் கண்டறிய ட்ரேஸ்டுகெதரை வெளியிட்டது. பின்னணியில் புளூடூத்தை ஐபோன் அடக்கிவைத்ததால், ஆப்பைத் திரையில் திறந்தே வையுங்கள் என்று மக்களிடம் சொல்ல வேண்டியதாயிற்று. அரசாங்கத்துக்கே அந்தக் கதி! மே மாதம் ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து இத்தகைய ஆப்கள் பின்னணியில் புளூடூத்தைப் பயன்படுத்த ஒரு வழி திறந்தன, இருப்பிடத் தகவலை எடுக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. சிங்கப்பூர் அந்த வழியில் போகாமல், போனுக்குப் பதில் டோக்கன் என்ற சிறு கருவியைக் கையில் கொடுத்தது.

கே: இ-ஹெய்லிங் ஓட்டுகிறேன். ஆப்பின் அறிவிப்பு நாளெல்லாம் தொங்குகிறது. தூக்கி எறியலாமா?
(ஓட்டுநர், மாச்சாங் பூபோக்)

ப: தொங்கட்டும் அண்ணே. நீங்கள் வேறு ஆப்புக்குத் தாவினாலும் இருப்பிடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது அந்த அறிவிப்புக்குப் பின்னால் ஓடும் ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ்தான். அதை நிறுத்தினால் பயணி உங்கள் காரை வரைபடத்தில் தேட வேண்டியதுதான்.

கே: தொழுகை நேர ஆப்பில் பாங்கு சில நாள் பிந்தி ஒலிக்கிறதே?
(வாசகர், புக்கிட் மெர்தாஜாம்)

ப: இது நியாயமான புகார். செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு அலாரம் அனுமதி இருக்கிறதா பாருங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் துல்லிய அலாரத்துக்குத் தனி அனுமதி. பிறகு பேட்டரி சேமிப்பிலிருந்து அதை விலக்குங்கள். சில போன் கம்பெனிகள் பேட்டரி சேமிக்கிறேன் என்று கூகுளையும் மிஞ்சி ஆப்களைக் கொல்கின்றன.

கே: மகன் எங்கே போகிறான் என்று அவனுக்குத் தெரியாமல் பார்க்க ஆப் உண்டா? அப்படியே கணவருக்கும்...
(இல்லத்தரசி, புக்கிட் மெர்தாஜாம்)

ப: மகனுக்கு உண்டு அக்கா, தெரியாமல் இல்லை. பிள்ளைகளைக் கண்காணிக்கும் ஆப் ஒளிந்திருக்கக்கூடாது, அறிவிப்பு எப்போதும் தெரிய வேண்டும் என்பது பிளே ஸ்டோரின் விதி. கணவரை அப்படிக் கண்காணிக்க, அவரே சம்மதித்தாலும் அங்கே அனுமதி கிடையாது. எங்கே இருக்கிறார் என்று போன் போட்டே கேளுங்கள்.