ஜெர்மனியில் வீடு பிடிக்க வரும் தம்பிக்கு

ஷ்டுட்கார்ட்

அன்புள்ள தம்பிக்கு,

வேலை உத்தரவு கைக்கு வந்ததிலிருந்து ஸ்வெட்டர் வாங்கு, ரசப்பொடி கட்டு என்று ஆளாளுக்குப் புத்தி சொல்லியிருப்பார்கள். இரண்டும் இங்கேயே கிடைக்கும். லேசில் கிடைக்காதது வீடுதான். அதனால் என் பங்குக்கு ஒரே ஒரு புத்தி: இங்கே வீட்டு ஓனரின் முகத்தைப் பார்த்து மயங்காதே, அவர் நீட்டும் காகிதத்தைப் பார்.

இந்த நாட்டில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வாடகை வீட்டில்தான் குடியிருக்கிறார்கள். அதனால் சட்டமும் குடித்தனக்காரன் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே நிற்கிறது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய வயிற்றில் பால் வார்ப்பது போல, இங்கே அதிகபட்சம் 3 மாத வாடகைதான் வாங்கலாம். அதுவும் கரண்டு, ஹீட்டர், தண்ணீர்ச் செலவு சேராத வெறும் வாடகைக் கணக்கில். அதை 3 தவணையாகக் கட்டவும் உனக்கு உரிமை உண்டு. ஓனர் அந்தப் பணத்தைத் தன் சொந்தப் பணத்தோடு கலக்காமல் தனியே வைக்க வேண்டும். இத்தனை காவலும் ஒப்பந்தத்தைப் படித்தவனுக்குத்தான் உதவும். படிக்காதவன் சாவி வாங்கிக் கதவைத் திறந்தால், சமையலறை இருக்க வேண்டிய இடத்தில் நாலு சுவரும் ஒரு தண்ணீர்க் குழாயும் இருக்கும். அடுப்பு, அலமாரி, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாவற்றையும் பழைய குடித்தனக்காரர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். கூரையில் பல்புக்குப் பதிலாக இரண்டு ஒயர் தொங்கும். இதில் மோசடி எதுவும் இல்லை. சமையலறை உண்டு என்று ஒப்பந்தம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"நல்ல மனுஷராக இருந்தால் காகிதம் எதற்கு?" என்று அம்மா கேட்பாள். நல்ல மனுஷருக்கும் ஞாபகமறதி உண்டு. சாவி வாங்கும் அன்றே சுவரில் இருக்கும் கீறல், தரையில் இருக்கும் கறை, மீட்டர் அளவு, சாவிகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் எழுதி நீயும் ஓனரும் கையெழுத்திடுங்கள். இரண்டு வருடம் கழித்து அந்தக் கீறல் யாருடையது என்று சண்டை வராது. வீட்டு விதிகளையும் படி. இரவு 10 மணிக்கு மேல் கிரைண்டர் ஓடினால், மாவு புளிப்பதற்குள் பக்கத்து வீட்டார் புளித்துவிடுவார். இங்கே ஷ்டுட்கார்ட் பக்கம் மாடிப்படி பெருக்கும் முறை வேறு உண்டு: கதவில் அட்டை தொங்கினால் அந்த வாரம் துடைப்பம் உன் கையில். எம்.டெக். பட்டத்துக்கு விலக்கு கிடையாது.

"ஒரு வீட்டுக்கு ஊரே வரிசையில் நிற்கிறது, கேள்வி கேட்டால் அடுத்தவனுக்குக் கொடுத்துவிடுவாரே" என்பது நியாயமான பயம். பெரிய ஊர்களில் வீட்டுப் பஞ்சம் நிஜம். பெயரைப் பார்த்தே ஒதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே வரிசையில் நிற்கும்போது வாயை மூடிக்கொண்டு சம்பளச் சீட்டையும், கடன் பாக்கி இல்லை என்று காட்டும் ஷூஃபா அறிக்கையையும் நீட்டு. வீடு உனக்குத்தான் என்று சொன்ன பிறகு கேள். 3 மாதத்துக்கு மேல் அட்வான்ஸ் எழுதியிருந்தால், நீ கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்தக் கூடுதல் செல்லாது. ஜெர்மன் புரியவில்லையென்றால் ஊருக்கு ஊர் வாடகைக்குக் குடியிருப்போர் சங்கம் இருக்கிறது. வருடச் சந்தா கட்டினால் ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்வார்கள். வீட்டைக் காட்டாமலே, "வெளியூரில் இருக்கிறேன், பணம் அனுப்பு, சாவி தபாலில் வரும்" என்பவனிடம் மட்டும் எந்தக் கேள்வியும் கேட்காதே; ஓடிவிடு.

கடைசியாக ஒன்று. குடிவந்த 2 வாரத்துக்குள் உன் முகவரியை நகர அலுவலகத்தில் பதிய வேண்டும். நீ குடிவந்ததற்கு ஓனர் கையெழுத்திட்ட சான்று இல்லாமல் அது நடக்காது. பதிவு இல்லாமல் வரி எண்ணில் தொடங்கி மற்ற வேலைகளும் இழுபடும். அந்தச் சான்றைத் தர மாட்டேன் என்று சொல்லும் வீடு பாதி வாடகைக்கு வந்தாலும் வேண்டாம்.

அன்புடன்,
அண்ணன்