சமத்துவப் பொங்கல், தனிக் கல்லறை

மேடையில் மாரியம்மனுக்கு வயது எட்டு. மஞ்சள் பாவாடை, கழுத்தில் வேப்பிலை மாலை, தலையில் அட்டைக் கிரீடம், கையில் ஜிகினா ஒட்டிய சூலம். பக்கத்தில் நீல முக்காடு போட்ட மாதா. மறுபக்கம், ஒட்டுத்தாடி பாதி பிரிந்து தொங்க, குல்லா போட்ட ஒரு பாய். (இஸ்லாத்தில் சாமிக்கு உருவம் இல்லையே என்று யாரோ கடைசி நேரத்தில் எச்சரித்திருப்பார்கள்.) மூவரும் கைகோர்க்கிறார்கள். பெற்றோர் செல்போனைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். கரஸ்பாண்டன்ட் ஃபாதர் கண்கலங்கி, கலாம் ஐயா நம் திருச்சி தூய வளனார் கல்லூரியில் படித்தவர் என்பதை இந்த ஆண்டும் மறக்காமல் சொல்லிவிட்டு அமர்கிறார். பிறகு எல்லோருக்கும் தொன்னையில் சர்க்கரைப் பொங்கல். விழாவின் பெயர் சமத்துவப் பொங்கல்.

நம்மூர்க் கத்தோலிக்கப் பள்ளிகளில் ஆண்டுக்கு ஒருமுறையாவது இது நடந்துவிடும். நடக்கட்டும், குழந்தைகள் அழகாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் இந்தப் பாடத்தைத் திருச்சிக்காரனுக்கு மைக் வைத்துச் சொல்ல வேண்டுமா? சமயபுரத்தாள் பக்தர்களுக்காகத் தானே 28 நாள் பச்சைப்பட்டினி கிடப்பவள். அந்த நாட்களில் துள்ளுமாவும் நீர்மோரும் பானகமும்தான் அவளுக்கு. தைப்பூசத்துக்கு அவள் கொள்ளிடக் கரைக்கு வந்தால், ஸ்ரீரங்கத்திலிருந்து அண்ணன் ரங்கநாதர் சீர் அனுப்புகிறார். அந்த ரங்கநாதர் கோயிலுக்குள்ளேயே துலுக்க நாச்சியார் இருக்கிறாள், அவளுக்காக ரொட்டி படைக்கிறார்கள். சித்திரையில் மஞ்சள் கட்டிச் சமயபுரம் நடந்த கால், ஆவணியில் காவி கட்டி வேளாங்கண்ணிக்கும் நடக்கும். எந்தச் சுற்றறிக்கையையும் பார்த்து இவர்கள் நடக்கவில்லை.

சுற்றறிக்கை 2024இல்தான் வந்தது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தன் பள்ளிகளுக்கு வழிகாட்டுதல் அனுப்பியது: எல்லா மதங்களையும் மதியுங்கள், கிறிஸ்தவ வழக்கங்களைப் பிற மதக் குழந்தைகள் மேல் திணிக்காதீர்கள், காலைக் கூட்டத்தில் அரசியல் சாசன முகவுரையை வாசிக்கச் சொல்லுங்கள், பல மதத்தாரும் வேண்டிக்கொள்ள ஓர் அறை ஒதுக்குங்கள். பயத்தில் எழுதியது என்றாலும் நல்ல தாள்தான். அந்த ஆண்டுதான் அசாமில் ஒரு கும்பல், பள்ளி வளாகத்திலிருந்து மாதா சொரூபத்தை எடு, சாமியார் அங்கியைக் கழற்று என்று கெடு விதித்திருந்தது. அந்தக் கும்பலைப் பற்றித் தனியாக எழுதலாம், அவர்கள் படிக்க மாட்டார்கள். நீங்கள் படிப்பீர்கள், ஃபாதர். அதனால்தான் இது உங்களுக்கு.

உங்கள் மாறுவேடத்தில் ஒரு ஜோடி விட்டுப்போயிற்று. அடுத்த ஆண்டு, சாதிக் கத்தோலிக்கர் ஒருவரையும் தலித் கத்தோலிக்கர் ஒருவரையும் கைகோர்த்து மேடையேற்றுங்களேன். ஏற்ற முடியாது. வேடம் கட்ட வழியே இல்லை. இருவருக்கும் ஒரே நிறம், ஒரே ஜெபமாலை, வீட்டுக்கு வீடு அதே ஆரோக்கியசாமி, அதே அந்தோணியம்மாள். செத்தால்தான் வித்தியாசம் தெரியும்.

திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அதற்கென்றே சுவர் இருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் மேல்சாதி எலும்பு, அந்தப் பக்கம் தலித் எலும்பு. உயிர்த்தெழும் நாளில் யாரும் வரிசை மாறிவிடக் கூடாதல்லவா? 2010இல் அதை இடிக்கப் போனவர்கள் குருக்களோ கன்னியரோ மறைக்கல்வி ஆசிரியர்களோ அல்லர். கடவுளே இல்லை என்று சொல்லும் பெரியார் திராவிடர் கழகத்தார். அண்டை வீட்டானை நேசி என்பதைக் கல்லறைக்குள் அமல்படுத்த நாத்திகன் கடப்பாரை எடுக்க வேண்டியிருந்தது. பல மத நல்லிணக்கத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா? ஆண்டு மலரில் இந்தப் படத்தைப் போட்டிருக்கலாம்.

இதெல்லாம் உள்ளூர்ப் பழக்கம், திருச்சபை என்ன செய்யும் என்பீர்கள். பழக்கத்தை மதிப்பதில் திருச்சபைக்கு நானூறு ஆண்டு அனுபவம் உண்டு. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, மதம் மாறும் பிராமணர் பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ளலாம் என்று வாதாடினார். 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி சரி என்றார். நம் பக்கத்தில் பண்பாட்டுப் பன்மையைக் கொண்டாடுவது அன்றே தொடங்கியாயிற்று. பண்பாடு என்ற பெயரில் உள்ளே வந்தது சாதி. அது வசதியாகக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டது. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோவிலில் வெள்ளாளருக்கு ஒரு பக்கம், நாடாருக்கு ஒரு பக்கம், நடுவில் சுவர். 1910இல் அதை இடித்தபோது, எங்கள் சுவர் எங்கள் உரிமை என்று வெள்ளாளர் நீதிமன்றத்துக்குப் போய்த் தோற்றார்கள். நூறாண்டு கழித்து, 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டம் எறையூரில் தலித் கத்தோலிக்கர் எங்களுக்குத் தனிப் பங்கு கொடுங்கள் என்று கேட்டபோது கலவரம் மூண்டு, போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். எல்லோரும் ஒரே அப்பத்தை உண்பவர்கள்.

வார்த்தைக்கும் பஞ்சமில்லை. 2003இல் ரோமுக்குப் போன தமிழக ஆயர்களிடம் போப் இரண்டாம் ஜான் பால் சாதி பாராட்டுவதைக் கடிந்தே பேசினார். 2016இல் ஆயர் பேரவையே கொள்கை அறிக்கை வெளியிட்டு, நமக்குள் தீண்டாமை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு நாளாகவும் அனுசரிக்கிறார்கள். 1950இல் அந்தத் தேதியில் வந்த குடியரசுத் தலைவர் ஆணையால்தான் தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமை கிடைக்காமல் போயிற்று. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் கதவு திறந்தது, இவர்களுக்கு இன்னும் திறக்கவில்லை. அது அநியாயம், சந்தேகமே இல்லை. ஆனால் டெல்லியில் போய், ஐயா எங்களுக்குள்ளும் சாதி இருக்கிறது என்று மனுக் கொடுப்பவர்கள், ஊர் திரும்பியதும் பிரசங்க மேடையில், பிள்ளைகளே நமக்குள் சாதியே இல்லை என்கிறார்கள். இரண்டையும் ஒரே வாயால், ஒரே வாரத்தில்.

பள்ளிக்கூடக் கதைக்கு வருகிறேன். உதவிபெறும் தமிழ்வழிப் பள்ளிகளை நான் சொல்லவில்லை. பல தலைமுறை ஏழைகளுக்கு எழுத்தறிவித்தவை அவை, அங்கே ஜிகினா வாங்கவே காசு இருக்காது. நான் சொல்வது, அட்மிஷன் பாரத்துக்கு விடியற்காலையில் வரிசை நிற்கும் ஆங்கிலப் பள்ளிகளை. கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகள் 25 சதவீத இடத்தை நலிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். 2014இல் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது என்றது. ஏழை வீட்டு மாரியம்மன் வாசலுக்கு வந்தால் நாம் சிறுபான்மை நிறுவனம். ரொக்கத்தோடு வந்தால் நாம் பன்மையைக் கொண்டாடும் குடும்பம். 2025இல் உச்ச நீதிமன்றத்தின் இன்னோர் அமர்வு அந்தத் தீர்ப்பையே சந்தேகித்திருக்கிறது. விலக்கு இருந்தாலும் நாங்களாகவே சேர்த்துக்கொள்கிறோம் என்று சொல்ல எந்தச் சட்டமும் தடை விதிக்கவில்லை. ஏழைகள் பேறுபெற்றோர் என்று சொன்னவரின் படம்தானே ஆபீஸ் ரூமில் மாட்டியிருக்கிறது.

அந்த ஆபீஸ் ரூமுக்கு அதிக தூரமில்லாத இடம் துறையூர் வட்டம் கோட்டப்பாளையம். இதே திருச்சி மாவட்டம், கும்பகோணம் மறைமாவட்டத்தின் கீழ் வருவது. புனித மகதலா மரியாள் கோவில். உயிர்த்த கிறிஸ்து முதலில் காட்சி தந்தது, ஊரார் கணக்கில் கொள்ளாத இந்தப் பெண்ணுக்குத்தான். அவள் பெயர் தாங்கிய பங்கில், தங்களுக்கு நிர்வாகத்தில் இடமில்லை, திருவிழாவில் சம பங்கில்லை, திருவிழா வரியைக்கூடத் தங்களிடம் வாங்குவதில்லை என்று தலித் கத்தோலிக்கர் புகார் சொல்கிறார்கள். உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள், நடக்கவில்லை. உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள், 2025 பிப்ரவரியில் நோட்டீஸ் போயிற்று.

வரி கட்டாமல் தப்பிக்க வக்கீல் வைக்கும் நாடு இது. எங்கள் வரியையும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்க இவர்கள் டெல்லிவரை போயிருக்கிறார்கள். நம் ஆங்கிலப் பள்ளிகளின் ஃபீஸ் கவுண்டரிலோ மஞ்சள் கட்டியவர் நீட்டினாலும் வாங்குகிறார்கள், குல்லா போட்டவர் நீட்டினாலும் வாங்குகிறார்கள், எண்ணிப் பார்த்து ரசீதும் கொடுக்கிறார்கள். அங்கே மட்டும் யார் கைப் பணமும் தீட்டில்லை.