உரக்குழியில் குடிவந்த எலி

கேள்வி: கொல்லையில் மட்கு உரத்துக்குக் குழி போட்டேன். உரம் வருவதற்குள் எலி குடும்பத்தோடு வந்துவிட்டது. வாடகை கேட்கலாமா?

பதில்: வாடகையை விடுங்கள், மூன்று வேளையும் சாப்பாடு போடுவது யார்? மிச்சச் சோறு, மீன் முள், எண்ணெய் படிந்த தோசைத் துண்டு எல்லாம் போனால் அது உரக்குழி இல்லை, எலிக்கு மெஸ்! காய்த்தோல், பழத்தோல், டீத்தூள் மட்டும் போடுங்கள். போட்ட கையோடு ஒரு கூடை சருகால் மூடுங்கள். அடியிலும் சுற்றிலும் கம்பிவலை வேண்டும். கண் 6 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. கோழிவலை உதவாது, சுண்டுவிரல் நுழையும் ஓட்டையில் சுண்டெலி நுழைந்துவிடும். பிளாஸ்டிக் வலையும் வேண்டாம். எலியின் முன்பல் ஆயுசுக்கும் வளர்வது, கொறித்தே தீரும். வாரம் ஒருமுறை கிளறி, தண்ணீர் தெளியுங்கள். காய்ந்து, கதகதப்பாய், யாரும் தொடாமல் கிடக்கும் குவியலில்தான் அது குட்டி போடும்.

விஷம் மட்டும் வைக்காதீர்கள். விஷம் தின்ற எலியைத் தின்று ஆந்தையும் சாகும். இன்னொன்று, எலியின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் பரவுகிறது. கையுறை போடாமல் அந்தக் குழியைத் தொடாதீர்கள்.