ஏற்றத்தில் நிற்றல்: கோவைச் சைக்கிள்காரர்களின் இலங்கை மலைப் பயணத்தை முன்வைத்து ஒரு காரணவியல் ஆய்வு

கண்டியிலிருந்து நுவரெலியா வரை சைக்கிள் மிதித்த கோவைக்காரர் எவரும் மூச்சு வாங்கி நின்றதாக இதுவரை சான்று கிடைக்கவில்லை. நின்றிருக்கிறார்கள். வளைவில், பாலத்தில், தேயிலைத் தோட்டத்து ஓரத்தில், சில சமயம் சாலையின் நடுவிலேயே நின்றிருக்கிறார்கள். ஆனால் கேட்டால் காரணம் வேறாக இருக்கும். இந்த முரண்பாட்டை முதன்முதலாக ஆராய்வது இக்கட்டுரை. தமக்கு முன்னால் யாராவது ஆராய்ந்தார்களா என்று ஆய்வாளர் தேடிப் பார்க்கவில்லை. ‘முதன்முதலாக’ என்று எழுதுகிற எவரும் தேடிப் பார்ப்பதில்லை.

ஆய்வு பன்னாட்டுத் தரம் வாய்ந்தது. கோலாலம்பூரிலிருந்து ஒருவர் ஜூமில் தலைகாட்டி, ஒலி கேட்கிறதா என்று கேட்டுவிட்டு மறைந்தாலே கருத்தரங்கம் பன்னாட்டுக் கருத்தரங்கம் ஆகிவிடுகிற காலம் இது. இங்கே ஆய்வுக்குரியவர்கள் பாஸ்போர்ட்டோடு கடல் தாண்டியிருக்கிறார்கள். ஆய்வுக் களம், பேராதனையில் பிரிந்து கம்பளை, புசல்லாவை, ரம்பொடை, லபுக்கலை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ5 நெடுஞ்சாலை. கண்டி சுமார் 500 மீட்டர் உயரம், நுவரெலியா 1,868. இடையிலுள்ள எழுபத்துச் சொச்சம் கிலோமீட்டரில் வழிகாட்டி முன்னால் போவார், வேன் பின்னால் வரும், ஆய்வுப்பொருள் நடுவில் கிடந்து மிதிக்கும்.

முதலில் எழும் வினா: மலைக்குப் பஞ்சமில்லாத கொங்கு நாட்டிலிருந்து காசு கொடுத்து வேறொரு மலைக்கு ஏன் போக வேண்டும்? ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. கொல்லிமலைக்கு 70. மசினகுடியிலிருந்து ஊட்டிக்குக் கல்லட்டி வழியே 36. 2008 முதல் நடந்துவரும் ‘டூர் ஆஃப் நீலகிரிஸ்’ பயணத்தில் பெரிய பெரிய ஆட்களையெல்லாம் வண்டியைத் தள்ள வைத்த சாலை அது. மேட்டுப்பாளையம் தாண்டினால் குன்னூர் ஏற்றம் வீட்டுக் கொல்லையில் கிடக்கிற மாதிரி கிடக்கிறது. இருந்தும் போகிறார்கள். கடல் இல்லாத நாட்டுக்காரர்களுக்குத் தீவின்மேல் ஒரு கண் என்று சிலர் கூறுவர் (பேக்கரி பெஞ்சு, வாய்மொழி). இது ஏற்கத்தக்கதல்ல. உண்மைக் காரணம் சொந்தக்காரர்கள். மருதமலை ரோட்டில் ஒருவர் சைக்கிளை ஓரங்கட்டிக் குனிந்து நின்றால், மூன்றாவது நிமிஷம் புல்லட்டில் ஒரு பெரியப்பா வந்து நிற்பார்.

“ஏனுங் மாப்ள, வண்டி ரிப்பேருங்களா?”

“இல்லீங் பெரிப்பா, சும்மா காத்து வாங்கிட்டு நிக்கறேனுங்.”

“வாங்க, கயித்தப் போட்டுக் கட்டி இழுத்துட்டுப் போயர்லாம்.”

சாயங்காலத்துக்குள் செய்தி அவிநாசி, அன்னூர் வரை போய்விடும். லபுக்கலையில் பெரியப்பா கிடையாது. நிற்பதற்கான சுதந்திரத்துக்குத்தான் விமானக் கட்டணம் கொடுக்கப்படுகிறது என்பது இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு.

இரண்டாவது கண்டுபிடிப்பு இன்னும் ஆழமானது. நுவரெலியாவின் உயரம் 1,868 மீட்டர் என்று மேலே கண்டோம். நீலகிரி, கோயம்புத்தூர் ஜில்லாவிலிருந்து பிரிந்த ஆண்டு 1868. இதைத் தற்செயல் என்று ஒதுக்குவது ஆய்வு நேர்மையாகாது. ஒரு ஜில்லா தன் மலையைப் பறிகொடுத்த ஆண்டும், அந்த ஜில்லாக்காரர்கள் கடல் தாண்டிப் போய் ஏறுகிற மலையின் உயரமும் ஒரே எண். பறிகொடுத்ததை மீட்டர் மீட்டராக மீட்கும் கூட்டு நனவிலியின் வெளிப்பாடே கண்டி–நுவரெலியாப் பயணம். அன்று நம் ஊரில் மீட்டரில் அளக்கும் வழக்கமே இல்லையே, அடிக்கணக்கில் 6,128 அல்லவா வருகிறது என்று சிலர் மறுக்கலாம். அடியில் அளப்பவர்களோடு இவ்வாய்வாளர் விவாதிப்பதில்லை. இதைவிடக் குறைந்த சான்றை வைத்துக்கொண்டு சிந்துவெளி எழுத்தைப் படித்து முடித்து, பொன்னாடையும் வாங்கிக்கொண்டவர்கள் நம்மிடையே உண்டு.

இனி நிற்றலின் வரலாறு. கொங்கு மண்ணில் இதற்குப் பழைய முன்மாதிரி, 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஓடத் தொடங்கிய மலை ரயில். கல்லாறு தாண்டியதும் பல்சக்கரத் தண்டவாளம். 12-க்கு 1 என்ற ஏற்றம். அந்த நீராவி எஞ்சின் வழியில் ஹில்குரோவ் போன்ற இடங்களில் நிற்கும். ஏன் என்று கேட்டால் தண்ணீர் பிடிக்க என்பார்கள். எஞ்சின் எழுப்பும் சத்தம் வேறு சொல்லும். ஆனால் அட்டவணையில் ‘தண்ணீர்’ என்றுதான் கணக்கு. கோவைச் சைக்கிள்காரர் தன் பாட்டிலைத் திறந்துகொண்டு ஓரங்கட்டும்போது ஒரு நூற்றாண்டைத் தாண்டிய மரபைத்தான் பின்பற்றுகிறார்.

மேலை நாட்டு மரபு இதற்கு நேர் எதிர். 1910-இல் டூர் டி பிரான்ஸ் பந்தயம் முதன்முதலாகப் பிரனீஸ் மலைக்குள் போனது. தூர்மலே கணவாயில் வண்டியைத் தள்ளிக்கொண்டும் நடந்த ஒக்தாவ் லபீஸ், அந்த மலைகளிலேயே பந்தய அமைப்பாளர்களைக் கொலைகாரர்கள் என்று ஏசிவிட்டு, கடைசியில் பந்தயத்தையும் ஜெயித்தார். உண்மைக் காரணத்தை வாய்விட்டுச் சொல்லிவிட்டதால் இவர் நம் ஆய்வு எல்லைக்குள் வரவில்லை.

வகைப்பாட்டுக்கு வருவோம்.

செயின்வழி நிற்றல்: செயின் கழன்றது என்பது; கழன்றிருக்கவும் கூடும். (டூர் டி பிரான்சில் கியர் மாற்றும் கருவியை 1937-இல்தான் அனுமதித்தார்கள், அதற்கு முந்தைய வீரர்களுக்குக் குறை சொல்ல ஒரு பொருள் குறைவு.)

போன்வழி நிற்றல்: வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள் என்பது. சிக்னல் இல்லாத இடங்களிலேயே மிகுதியாகக் காணப்படுகிறது.

பிறர்பொருட்டு நிற்றல்: “பின்னாடி அண்ணன் வர்றாருங்க, பாவம், தனியா விட்டுட்டுப் போக மனசில்ல.” பின்னால் வரும் அண்ணன் அடுத்த வளைவில் தம்பிக்காக நிற்கிறார். கொங்கு விருந்தோம்பலின் நீட்சி.

தேநீர்வழி நிற்றல்: ஆளும் சைக்கிளும் சேர்த்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதை 1,400 மீட்டர் உயரத்துக்குத் தூக்க 280 கலோரி போதும். ஆனால் உடம்பு தின்பதில் கால்வாசியைத்தான் பெடலுக்குக் கொடுக்கும், மிச்சத்தைச் சூடாக்கி விட்டுவிடும். ஆகவே செலவு 1,100 கலோரிக்கு மேல். இந்தக் கணக்கை வழிகாட்டியிடம் விளக்கிவிட்டு, புசல்லாவைக் கடையில் பிளேன்டீயும் உளுந்து வடையும் எடுத்துக்கொள்வது அறிவியல். நம்மூர் பேக்கரியில் தேங்காய் பன்னுக்கு இவ்வளவு கணக்கு யாரும் கேட்பதில்லை என்பது இங்கே நினைக்கத்தக்கது. இந்த வகையில் ஒரு துயர நிகழ்வும் பதிவாகியுள்ளது. இலங்கையில் பாண் விற்கும் ஆட்டோ, பேத்தோவனின் இசைத்துணுக்கு ஒன்றை ஒலிபெருக்கியில் ஊதிக்கொண்டே தெருத்தெருவாய்ப் போகும். சூன் பாண் என்பார்கள். கம்பளை தாண்டிய ஒரு மேட்டில், கார்பன் சட்டகம் போட்ட வண்டியோடு நம்மவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, அடுக்கடுக்காக ரொட்டி ஏற்றிய அந்த ஆட்டோ அதே இசையோடு நிதானமாக முந்திப் போனது. அதை நிறுத்திப் பாண் வாங்கலாம் என்று கைநீட்டியிருக்கிறார். ஓட்டுநர் வாழ்த்துகிறார் என்று நினைத்துத் திருப்பிக் கையசைத்துவிட்டுப் போய்விட்டார் (வாட்ஸ்அப் குழு, குரல் பதிவு, பின்னணியில் மேற்படி இசை தேய்ந்து மறைகிறது).

படப்பிடிப்புவழி நிற்றல் தனி நூலுக்குரியது, சுருக்கித் தருகிறோம். கோவையிலிருந்து புறப்படும்போது எவரிடமும் கலையுணர்ச்சி தென்படுவதில்லை. கம்பளை வரை, சமதளம் உள்ளமட்டும், மகாவலி ஆறே குறுக்கே வந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். புசல்லாவை தாண்டியதும் எல்லாரும் கவிஞர்கள். ரம்பொடையில் நூறு மீட்டருக்கு மேல் உயரமான அருவி. அங்கே நிற்பது நியாயம் என்று விட்டுவிடலாம். அதற்கு மேல் நடப்பதுதான் ஆய்வுக்குரியது. மைல்கல், மதகு, மதகின்மேல் பாசி, பாசியின்மேல் நத்தை என்று ஏற்றம் கூடக்கூட அழகு பொடிப்பொடியாகிக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது. சரிவு 4 சதவீதத்தில் இயற்கைக் காட்சி, 6-இல் நெருக்கப் படம், 8-இல் நுண்பொருள். இதை ‘அழகுணர்ச்சி சரிவுக்கு நேர் விகிதம்’ என்ற விதியாக முன்மொழிகிறோம்.

படம் எடுக்கும் முறையும் கவனிக்கத்தக்கது. ஹேண்டில்பார்மேல் நெற்றியை வைத்து முதலில் ஒளியை ஆராய்வார்கள். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றி, வழித்தெடுத்த வியர்வையை உதறி, போனைத் துடைத்து, மறுபடி ஒளியை ஆராய்வார்கள். வாய் மூடுகிற நிலை வந்த பிறகே செல்ஃபி. “ஒரே மதகு, பதினொரு படம். எதுலயும் மதகு தெரியல” என்று குழுவில் கேட்டவருக்கு, “பனிமூட்டமுங்ணா” என்று விடை வந்தது (மேற்படி குழு, கேள்வி பின்னர் நீக்கப்பட்டது, நீக்கியவர் அவரே என்பது ஒரு சாரார் துணிபு, நீக்க வைக்கப்பட்டார் என்பது மறுசாரார், இரு சாராரும் இப்போது பேசிக்கொள்வதில்லை).

கல்விப்புலத்தில் இதற்கு இணையானது அடிக்குறிப்பு. வாதம் செங்குத்தாகிற இடத்தில் ஆய்வாளர் சட்டென்று ஓரங்கட்டி, வழியில் கண்ட ஒரு ஜெர்மானியரைப் படம் பிடித்துக்கொள்கிறார். மூச்சு சீராவதற்குள் ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிடுகிறார்கள். அதற்கும் முடியாதபோது ‘இது விரிவான தனி ஆய்வுக்குரியது’ என்று எழுதிவிட்டு வேனில் ஏறிக்கொள்கிறார்.

வேன் என்றதும் அதன் தொல்லியல். லபீஸ் ஏசிய அதே 1910-இல்தான் பந்தயத்தில் பின்தங்கியவர்களைக் கூட்டிப் பெருக்கி ஏற்றிவரும் ‘விளக்குமாறு வண்டி’ வந்தது. அதன் இலங்கை வாரிசில் விளக்குமாறு இல்லை, வாழைத்தார் தொங்குகிறது. நம் குழுவில் வேனில் ஏறியவர் எவருமில்லை. ஒருவர் வேனின் இருக்கைகளைச் சோதித்தார். இன்னொருவர் ஓட்டுநருக்குத் துணையாக இருந்தார். இது குறித்து எழுத்துச் சான்று ஒன்று கிடைத்துள்ளது: வேனின் பின்கண்ணாடித் தூசியில் விரலால் எழுதப்பட்ட, ஒரே வரியாலான கல்வெட்டு. ‘அண்ணன் உள்…’ என்பதற்குமேல் சிதைந்துள்ளது. ‘உள்ளே’ என்பர் ஒரு சாரார். ‘உள்ளம் உறுதி’ என்று நிரப்புவார் அண்ணன். எழுத்தமைதி, தூசியின் அடர்த்தி, ‘ண்’ணின் சுழியில் ஒட்டியிருந்த வாழைப்பழக் கறை ஆகியவற்றைக் கொண்டு இதன் காலம் இரண்டாம் நாள் மதியத்துக்குச் சற்று முந்தையது என்று கணித்தோம். மைப்படி எடுப்பதற்குள் மழை வந்துவிட்டது.

புசல்லாவைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெரியம்மா ஒருவர், கூடையை இறக்கிவைத்துவிட்டு இந்த ஊர்வலத்தைப் பார்த்தார். “எந்த ஊரு தம்பி?” என்றார். கோயமுத்தூர் என்றதும், “பஸ்ஸு இல்லைன்னா சொன்னாங்க?” என்று கேட்டார். ஆய்வின் அடிப்படையையே தகர்க்கும் கேள்வி, வினாநிரலில் சேர்க்கவில்லை. அவருடைய முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்து இந்த மலைகளுக்கு வந்தவர்கள். வழியிலேயே விழுந்தவர்கள் பலர். அவர்களுக்குப் பின்னால் வாழைத்தார் கட்டிய வண்டி எதுவும் வரவில்லை. யார் எங்கே எதற்காக நின்றார்கள் என்று எந்த ஆய்வாளரும் குறித்துக்கொள்ளவில்லை.

ஒப்பாய்வும் வேண்டுமென்பார்கள். ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் சா கலோப்ரா என்ற சாலை உண்டு. அந்தோனியோ பரியெத்தி என்பவர் வடிவமைத்து 1932-இல் முடிந்தது. 26 கொண்டை ஊசி வளைவு. ஓரிடத்தில் சாலை தன் தலைக்குமேல் தானே ஏறி, கழுத்துப்பட்டை முடிச்சுப்போலச் சுற்றிப் போகிறது. கடற்கரையில் போய் முட்டி நிற்கும் சாலை என்பதால், இறங்கியவர் ஏறித்தான் ஆக வேண்டும். தைவானிலோ கடல் மட்டத்தில் தொடங்கி 105 கிலோமீட்டரில் 3,275 மீட்டர் ஏறுகிற பந்தயமே நடக்கிறது. அங்கெல்லாம் நிற்பவர்கள் என்ன காரணம் சொல்கிறார்கள் என்பதை நேரில் ஆராய நிதி கோரியுள்ளோம்.

எஞ்சியிருப்பது சரிபார்ப்புச் சோதனை. கலையுணர்ச்சி உண்மையானது என்றால் இறக்கத்திலும் அது இருக்க வேண்டும். மறுநாள் காலை நுவரெலியாவிலிருந்து வெலிமடைப் பக்கம் இறக்கம். சீதாஎலியவில் ஓடைக்கரையில் சீதையம்மன் கோயில். ராவணன் சீதையைச் சிறைவைத்த அசோகவனம் அந்தப் பகுதிதான் என்று ஊரார் சொல்வார்கள். சற்றுத் தள்ளி, 1861-இல் தொடங்கிய ஹக்கலைத் தாவரவியல் பூங்கா. முந்தின நாள் நத்தைக்கு நின்றவர்கள், பாசிக்கு நின்றவர்கள், சிக்னல் இல்லாத போனுக்கு நின்றவர்கள் அத்தனை பேரும் இந்த இரண்டையும் குனிந்த தலை நிமிராமல் காற்றாகக் கடந்து போனார்கள். ஒரு படம்கூட இல்லை.

கோயில் வாசலில் வண்டியை நிறுத்தியவர் வேன் ஓட்டுநர் மட்டுமே. காரணம் கேட்டோம்.

“சாமி கும்பிடத்தான் சார்.”

இந்த விடை நம் வகைப்பாட்டில் எதிலும் அடங்கவில்லை.