கம்ப்யூட்டர் தம்பி

தூத்துக்குடியில் துறைமுகத்தை நம்பிப் பிழைக்கிற எந்தக் கிளியரிங் ஆபீஸுக்குள் நுழைந்தாலும் ஒரு கம்ப்யூட்டர் தம்பி இருப்பார். ஏசிக்கு நேர் கீழே சீட், கழுத்தில் ஹெட்போன். படித்தது பெரும்பாலும் மெக்கானிக்கல். கன்டெய்னர் கணக்குப் பார்க்கும் வெப்சைட்டை ஸ்பிரிங் பூட்டில் எழுதியவர் அவர்தான். அதனால், எல்லோரையும் 'ஏலே' என்கிற முதலாளி அண்ணாச்சி அவரை மட்டும் "தம்பி, ஒரு நிமிசம்" என்பார்.

எந்த வியாதிக்கும் தம்பியிடம் ஒரே மருந்துதான்: "குக்கிய கிளியர் பண்ணுங்கண்ணே." பக்கம் திறக்கவில்லையா, குக்கி. பிரின்டர் பேப்பரைக் கடிக்கிறதா, அதற்கும் முதலில் குக்கி. முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோன ஊரில் இன்று மூச்சடக்கி உட்கார்ந்திருப்பவர்கள், லாகின் பக்கம் திறக்குமா என்று பார்க்கும் கிளார்க்குகள்தான்.

பாவம், குக்கி என்ன செய்யும்? 1994-ல் நெட்ஸ்கேப்பில் இருந்த லூ மொன்டுல்லி யோசித்த சின்னக் குறிப்பு அது. போன நிமிடம் வந்தவர் யார் என்பது சர்வருக்கு ஞாபகம் இருக்காது. அதனால் பதிலின் தலைப்பில் ஒரு குறிப்பை வைத்து அனுப்பும். பிரவுசர் அதைப் பத்திரப்படுத்தி, அடுத்த தடவை திருப்பிக் காட்டும். அவ்வளவுதான்.

கோளாறு தம்பியின் ஜாவாவில் இருக்கும். லாகின் குக்கியைப் போடும்போது பாத், அதாவது குக்கி செல்லுபடியாகும் முகவரி, வெறும் ஸ்லாஷ். லாகவுட்டில் செட்மேக்ஸ்ஏஜ் சைபர் என்று அழிப்பார், ஆனால் பாத்தில் 'ஸ்லாஷ் லாகவுட்' என்றிருக்கும். பிரவுசர் கணக்கில் இவை இரண்டு தனித்தனி குக்கி. பழையது சாகாது. பகல் ஷிஃப்ட் ஆள் வீட்டில் தூங்க, அவர் பெயரில் ராத்திரி ஷிஃப்ட் ஆள் பில் போட்டுக்கொண்டிருப்பார்.

இன்னொன்றும் உண்டு. பக்கம் பிரவுசருக்குக் கிளம்பிய பிறகு, குக்கி போட ஆட்குக்கியைக் கூப்பிடுவார். கப்பல் போன பின் கேட்டில் சரக்கோடு நிற்கும் லாரி கதைதான். லாரி டிரைவராவது சத்தம் போடுவார். சர்வ்லெட் வாயே திறக்காமல் அந்தக் குக்கியை விட்டுவிடும். தம்பியோ, "எம் மெஷின்ல ஓடுதுண்ணே" என்பார்.

2020 அவருக்குப் பொற்காலம். வேறு தளத்திலிருந்து வரும்போது குக்கியை அனுப்பலாமா என்று சொல்லும் சேம்சைட் குறிப்பை எழுதாத குக்கியை எல்லாம், கட்டுப்பாடுள்ள 'லாக்ஸ்' என்றே எடுத்துக்கொள்வோம் என்று குரோம் விதியை இறுக்கியது. பணம் கட்டப் போனவர்கள் பேமென்ட் பக்கத்திலிருந்து திரும்பினால் லாகின் காணாமல் போயிருந்தது. அன்றிலிருந்து எந்தக் குற்றத்துக்கும் கூகுள்தான் பொறுப்பு.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குக் கப்பல் வந்து நிற்கும்போது, போனை எடுக்கிற ஒரே ஆள் இவர்தான். அதற்காகவே இவருடைய குக்கிகளை மன்னிக்கலாம்.

அவரிடம் போகிறவர்கள், "குக்கியெல்லாம் கிளியர் பண்ணியாச்சு தம்பி" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கையில் கால் கிலோ முந்திரி மக்ரூனும் இருக்கட்டும். பாத் தானாகச் சரியாகும்.